அம்மாவின் கைப்பேசியில் கப்பல் நேரம்

அண்ணன் சரக்குக் கப்பலில் சமையல் உதவிக்குப் போனபோது, கப்பல்கள் எங்கே ஓடுகின்றன என்று காட்டும் பக்கம் ஒன்றை அம்மாவின் கைப்பேசியில் திறந்து கொடுத்தேன். நீல வரைபடத்தில் ஒரு பச்சை அம்பு. அம்மாவுக்கு எழுத்து தெரியாது, எண் தெரியும். அந்த அம்பு நன்றாகத் தெரியும். சாயங்காலச் செபமாலை முடிந்ததும் அதைக் கட்டைவிரலால் தொட்டு, விரலை வாயில் வைத்து முத்திக்கொள்வாள். நடுக்கடலில் அம்பு நகராது, கரையை நெருங்கினால்தான் புது இடம் காட்டும் என்று சொல்லியிருந்தேன். அப்போதெல்லாம் பதற மாட்டாள். "ஆழத்துல போறான்" என்பாள்.

கப்பல் மேற்கே போகப் போகக் கடிகாரத்தைப் பின்னால் வைப்பார்கள். அதை அண்ணன் போனில் பெருமையாகச் சொல்வான். "எம்மா, இன்னைக்கும் ஒரு மணி நேரம் பின்னால வச்சாச்சு. ஒனக்கு ராச்சோறு, எனக்கு இப்பதான் காப்பி."

பிறகு, அண்ணனைக் கப்பலில் சேர்த்துவிட்ட ஏஜெண்ட் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. காலையில் ஆளைக் காணவில்லையாம். அந்தக் கடலையே சுற்றித் தேடிவிட்டுக் கப்பல் புறப்பட்டுவிட்டதாம்.

அம்மா அழவில்லை. அடக்கப் பூசை வைக்கலாம் என்று வந்தவர்களிடம், "கப்பல் கரைக்கு வரட்டும். வந்தும் அவன் பேசலன்னா வைங்க" என்றாள். என் கைப்பேசியில் பார்த்தேன். கப்பல் ஆப்பிரிக்கத் துறைமுகம் ஒன்றில் கட்டிக் கிடந்தது. காட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அது ஒன் போனு. எம்போன்ல வரட்டும்."

அவள் கைப்பேசியிலோ பக்கம் திறக்கவே இல்லை. அம்மாவின் அண்ணன், என் தாய்மாமா, எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். ஃபிளைட் மோடு போட்டு எடுத்தேன். திறந்து கிடந்த டேப்களை மூடினேன். அணைத்து மறுபடி போட்டேன். சுற்றிக்கொண்டே இருந்துவிட்டு வெள்ளையாக நின்றது.

"ஏலே, தெருவுல உள்ளவன் போனையெல்லாம் நொடியில சரி பண்ணுத. பெத்தவ போனுக்கு ஒம்படிப்பு எட்டலயோ?" என்றார் மாமா.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்தது நான் ஒருவன்தான். போனில் தேங்கிக் கிடந்த கேஷை அழித்தேன். வெள்ளைத் திரை போய் ஒரு வரி வந்தது: உங்கள் கடிகாரம் பின்தங்கியுள்ளது.

தளத்தின் பாதுகாப்புச் சான்றைக் கைப்பேசி தன் தேதியை வைத்துத்தான் சரிபார்க்கும். தேதி தப்பென்றால் பக்கத்தை விடாது. தேதியைப் பார்த்தேன். பல வாரம் பின்னால் இருந்தது.

"எம்மா, தேதிய மாத்துனியா?"

"கப்பல் நேரம் வச்சிருக்கேன்." சாதாரணமாகத்தான் சொன்னாள். "அவன் சொல்லச் சொல்ல நானும் மணியத் திருப்புவேன். அவந்தான் சொல்லிக் குடுத்தான். பேச்சு நின்னபெறவு யாரு சொல்லுவா? நானாத் திருப்புனேன். மணி போதல. நாளையும் தள்ளுனேன்."

"எதுவரைக்கும்?"

"அவன் கடைசியாப் பேசுன நாளு வரைக்கும்."

மாமா எழுந்து வாசலுக்குப் போய், தெருவைப் பார்த்து நின்றார்.

"சரியா வச்சா பக்கம் வந்துருமா?" என்று அம்மா கேட்டாள்.

"வந்துரும்மா."

கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். "அப்ப வையி."

தானியங்கி நேரத்தை இயக்கினேன். பக்கம் உடனே திறந்தது, இத்தனை நாள் ஒன்றுமே நடக்காததுபோல. துறைமுகச் சுவரை ஒட்டி அம்பு நின்றது. அம்மா அதைத் தொட்டாள். விரலை வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

"கரையிலதான் நிக்கி" என்றாள்.

கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அது அடிக்காது என்று எனக்குத் தெரியும். இருந்தும் நானும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே ஐஸ் வண்டி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"அண்ணா, கோயில்ல சாமியாருகிட்ட சொல்லிருங்க" என்றாள்.

மாமா திரும்பி வந்து அவள் தலையில் கை வைத்தார். "பெட்டிக்கும் சொல்லிருதேன்ளா."

உடல் கிடைக்காதவருக்கு எங்கள் பக்கம் அவருடைய துணிமணியைப் பெட்டியில் வைத்து அடக்கம் செய்வோம். மாமாவோடு நானும் கிளம்பினேன். வாசல் தாண்டும்போது அம்மா என் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

"துணிதானே, சின்னப் பெட்டி போதும்னு மாமா சொல்லுவாரு. நீ கேக்காத மக்கா. அவன் ஒன்னவிட ஒசரம். காலு இடிக்காமப் பாத்துக்க."