சைக்கிளுக்கு ஒரு வழிப்பொட்டி

என் மகள் என் சைக்கிள் சாவியைப் பிடுங்கி வைத்துக்கொண்டாள் என்று உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஒரு பேச்சு ஓடுகிறது. அது பொய். நடந்தது முழுசும் தெரிந்த ஆள் நான் ஒருவன்தான், அதனால் நானே எழுதுகிறேன். மூணாவது வரைக்கும் படித்தவன் எழுத்து இது. பிழை இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

ஒரு வாடகை சைக்கிளும் ஒரு மூங்கில் கூடையும்தான் என் முதல். கிராமம் கிராமமாகப் போய் நாட்டுக்கோழி முட்டை வாங்கி, காஞ்சிபுரத்தில் கொண்டுபோய்ப் போட்டேன். பிறகு சொந்தக் கடை வந்தது, ரெண்டு டெம்போ வந்தது, பண்ணை முட்டை மொத்த வியாபாரம் வந்தது. இந்தத் தாலுகாவில் எந்த ஓட்டலில் ஆம்லெட் போட்டாலும் பாதிக்குப் பாதி என் முட்டைதான். கையைக் குழல் மாதிரி மடக்கி, முட்டையை வெயிலுக்கு எதிரே பிடித்து ஒரு கண்ணால் பார்த்தேனானால் கூமுட்டையா நல்லதா என்று சொல்லிவிடுவேன். முட்டையைப் பார்த்துப் பார்த்து மனுஷனையும் அப்படியே பார்க்கப் பழகிவிட்டது. முதலில் சந்தேகம், அப்புறம்தான் மற்றதெல்லாம்.

டெம்போ வந்த பிறகும் செவ்வாய்க்கிழமை மட்டும் நான் சைக்கிளை விடவில்லை. திருமுக்கூடல் பக்கம் பத்துப் பன்னிரண்டு வீடுகள் எனக்கு வாடிக்கை. அந்த வீட்டுப் பெண்கள் வாரம் முழுக்க முட்டையை அரிசிப் பானைக்குள் புதைத்துச் சேர்த்து வைத்திருப்பார்கள். செவ்வாய் என் நாள். ஒரு செவ்வாய் நான் போகாவிட்டால் வேறு வியாபாரி நுழைந்துவிடுவான். விடிகிற நேரத்தில் கிளம்பி, வயல் வழியாகப் போய், மத்தியானச் சோற்றுக்கு வீடு திரும்புவேன். முப்பது வருஷம் இப்படித்தான்.

செல்போன் எல்லார் சட்டைப் பையிலும் வந்துவிட்டிருந்த காலம் அது. வயலையெல்லாம் பிளாட் போட்டு, மஞ்சளும் சிவப்பும் அடித்த கல் நட்டு, கலர் கொடி கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு செவ்வாய் திரும்பி வரும்போது, நான் அடையாளம் வைத்திருந்த பனைமரங்களைக் காணவில்லை. கல்தான் இருந்தது. எல்லாக் கல்லும் ஒரே மாதிரி. பொழுது சாயும்போதுதான் வீட்டுக்கு வந்தேன். கடையைப் பார்த்துக்கொள்கிற என் மகள் வாசலிலேயே நின்றிருந்தாள்.

"எங்க போய்க்கினு இருந்த நைனா?"

"பஞ்சர்."

"பஞ்சரா? மூணு பேர் எனக்கு போன் பண்ணிட்டாங்க. உங்க நைனா பிளாட்டையே சுத்திச் சுத்தி வர்றாரே, மனை வாங்கப் போறாரான்னு கேக்கறாங்க."

நான் கூடையை இறக்கி வைத்தேன். அவள் விடவில்லை.

"இன்னொரு தபா இப்படி ஆச்சுன்னா சைக்கிள் சாவிய என்கிட்ட குட்த்துடணும். செவ்வாய்க்கும் டெம்போ போவட்டும். சரியா?"

சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன். டெம்போ ஓட்டுவது என் மருமகன். திருமுக்கூடல் வழியும் அவன் கைக்குப் போனால் எனக்கு மிச்சம் நாற்காலிதான். இது இவளுடைய பேச்சா, அவன் சொல்லிக்கொடுத்த பேச்சா? ராத்திரிச் சோற்றில் மருமகன் எனக்கு மீன் அதிகமாக எடுத்து வைத்தான். சந்தேகம் உறுதியானது.

ஆனால் பனைமரம் இல்லை என்பதால்தான் வழி தவறியதா, இல்லை மண்டைக்குள் ஏதாவது கழன்றதா? இந்தக் கேள்வியை நான் யாரிடமும் கேட்கவில்லை.

அந்த வாரமே டீக்கடையில் ஒரு மெட்ராஸ்காரர் கியர் சைக்கிளில் வந்து இறங்கினார். ஹேண்டில்பாரில் சோப்பு டப்பா அளவுக்கு ஒரு பொட்டி.

"இது இன்னா சார், கணக்குப் போடறதா?"

"வழி காட்டும் பெரியவரே. மேல சேட்டிலைட்லருந்து பாத்து சொல்லும்."

பொய் சொல்கிறார் என்று நினைத்தேன். "அங்கருந்து பாத்தா உத்திரமேரூர் தெரியுமா?" என்றேன். அவர் காட்டினார். நம் ஏரி முழுசும் நீலமாக இருந்தது. நான் தலையைத் திருப்பி ஏரியைப் பார்த்தேன். கோடை, உள்ளே மாடு மேய்ந்துகொண்டிருந்தது. தண்ணீரே இல்லாத ஏரிக்கு நீலம் அடித்து வைத்திருக்கிறவன் எனக்கு எப்படி வழி சொல்வான்? இருந்தாலும் விலை கேட்டேன். ஒரு பழைய மொபெட் விலை சொன்னார். மெட்ராஸில் இதைவிடக் குறைந்த விலையிலும் உண்டு, விசாரித்து வாங்கினால் ஏமாற மாட்டீர்கள் என்றார். என்னைப் பார்த்து அப்படிச் சொன்னதே எனக்குப் பிடிக்கவில்லை.

காஞ்சிபுரம் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு மெட்ராஸுக்கு பஸ் ஏறினேன். மின்சாமான் கடைகள் நெருக்கிக்கொண்டு நிற்கிற தெரு அது. நாலு கடையில் என் வேட்டியைப் பார்த்துவிட்டுக் கால்குலேட்டரை எடுத்துக் காட்டினார்கள். ஐந்தாவது கடைக்காரன்தான் மூன்று பொட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தான்.

முதல் பொட்டி, சக்கரத்தில் காந்தம் கட்டி, எவ்வளவு தூரம் வந்தோம் என்று காட்டுவது. விலை சல்லிசு. "எவ்ளோ தூரம் வழி தப்பினேன்னு சொல்லும். எங்க தப்பினேன்னு சொல்லாதே" என்றேன். கடைக்காரன் அதை எடுத்து உள்ளே வைத்துவிட்டான்.

ரெண்டாவது, கலர் கலராகப் படம் காட்டுகிற பொட்டி. இன்னொருத்தர் வைத்திருந்தது என்று பாதி விலை சொன்னான். நான் அதைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தேன்.

"பெரியவரே, இன்னா பண்றீங்க? அது எலக்ட்ரானிக் சாமான்."

"உள்ள குலுங்குதான்னு பாக்கறேன். பாதி விலைக்கு இன்னொருத்தன் ஏன் குட்த்தான்?"

"அவரு புதுசு வாங்கிட்டாரு."

"நல்லா இருந்தா ஏன் புதுசு?"

அவன் பெருமூச்சு விட்டான். உத்திரமேரூரைக் காட்டச் சொன்னேன். காட்டினான். செங்கல்பட்டு போகிற தார் ரோடு இருந்தது. காஞ்சிபுரம் போகிற ரோடு இருந்தது. அவ்வளவுதான். நான் திரும்புகிற ஏரி மதகு இல்லை, வாய்க்கால் ஓரம் போகிற வண்டிப்பாதை இல்லை. நான் முப்பது வருஷம் மிதித்த வழி மொத்தமும் வெறும் வெள்ளையாக இருந்தது.

"இந்தியா முழுக்க இதுல கீதுன்னு சொன்னியே?"

"மெயின் ரோடு எல்லாம் இருக்கு பெரியவரே."

"மெயின் ரோட்டுல எவன் கோழி வளக்கறான்?"

மூன்றாவது பொட்டியை அவன் கடைசியாகத் தள்ளினான். படம் கிடையாது, கலர் கிடையாது. சாம்பல் கண்ணாடியில் ஒரு கோடு, ஒரு அம்பு. நாம் போகிற வழியை அது கோடாகப் போட்டுக்கொண்டே வரும். திரும்பும்போது அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு வரவேண்டும். டார்ச்சுக்குப் போடுகிற சின்ன செல் ரெண்டு போதும். கலர் பொட்டியில் மூன்றில் ஒரு பங்கு விலை. அதைத் தெருவுக்கு எடுத்துப் போய் மூலை வரை நடந்து காட்டச் சொன்னேன். கட்டடங்களுக்கு நடுவே கோடு வரக் கொஞ்சம் நேரம் பிடித்தது. நான் கூடவே நடந்தேன், பொட்டியை மாற்றிவிடுவான் என்று. கோடு வந்தது. வாங்கினேன். யாரோ போட்ட படம் எனக்கு எதற்கு? என் படத்தை நானே போட்டுக்கொள்கிறேன்.

அடுத்த செவ்வாய் அந்தப் பொட்டி என்னை ஏமாற்றியது. திருமுக்கூடல் போய்ச் சேர்ந்து பார்த்தால் கோடே இல்லை, வெறும் கண்ணாடி. பயந்து தார் ரோட்டைப் பிடித்து, சுற்றி வந்து வீடு சேர்ந்தேன். மறுநாள் மெட்ராஸ் போய்க் கடைக்காரன் மேஜையில் பொட்டியை வைத்தேன்.

"கூமுட்டையக் குட்த்து அனுப்பிச்சியா?"

அவன் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "எங்க வெச்சிக்கினு போனீங்க?"

"மேடு பள்ளத்துல உடையக் கூடாதுன்னு சில்வர் டப்பாவுல உமி கொட்டி, அதுக்குள்ள புதைச்சு, மூடி போட்டு, கூடையில வெச்சேன். நான் வெச்ச முட்டையே உடைஞ்சதில்ல."

கடையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். அவன் மட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "பெரியவரே, அதுக்கு வானம் தெரியணும்" என்றான். ஹேண்டில்பாரில் மாட்டுகிற கிளிப்பு ஒன்றைச் சும்மா கொடுத்தான். சும்மா கொடுக்கிறானே என்று அதற்கும் சந்தேகப்பட்டேன். பழைய கோட்டை அழிக்கிற பொத்தானையும் காட்டிக் கொடுத்தான். அழித்தால் மொத்தமாக அழியும், பாதி அழிக்க முடியாது என்றான்.

மூன்றாவது செவ்வாய். பொட்டி வானத்தைப் பார்த்துக்கொண்டு வந்தது, கோடும் கூடவே வந்தது. முட்டை வாங்கித் திரும்பினேன். பிளாட் கல்லுக்கு வெகு முன்னாலேயே ஒரு இடத்தில் பாதை மூன்றாகப் பிரிகிறது. கோடு இடது பக்கம் போகச் சொன்னது. என் மனசு வலது என்றது. லேசாகச் சொல்லவில்லை, சத்தியம் பண்ணிச் சொன்னது. முப்பது வருஷம் மிதித்தவன் சொல்வதா, டார்ச் செல்லில் ஓடுகிற பொட்டி சொல்வதா? சிரிப்பை அடக்கின கடைக்காரன் முகம் ஞாபகம் வந்தது. வலது பக்கம் மிதித்தேன்.

கொஞ்ச தூரத்தில் ஒரு செங்கல் சூளை வந்தது. என் வழியில் சூளையே கிடையாது. சைக்கிளை நிறுத்திவிட்டு நின்றேன். பாதை பிரிகிற இடத்தில் பனைமரத்தை எவனும் வெட்டியிருக்கவில்லை. வெயில் நன்றாக இருந்தது, கண் நன்றாகத் தெரிந்தது. ஆனாலும் தப்பு என்னுடையதுதான். அன்றைக்கு வரை நான் சந்தேகப்படாத ஆள் ஒருவன்தான் இருந்தான். அன்றைக்கு அவனையும் சேர்த்துக்கொண்டேன்.

திரும்பி வந்து கோட்டைப் பிடித்தேன். அது சொன்ன இடத்தில் திரும்பி, சொன்ன இடத்தில் ஏரிக்கரை ஏறினேன். மத்தியானச் சோற்றுக்கு இன்னும் நேரம் இருந்தது. கரையில் நின்று கண்ணாடியைப் பார்த்தேன். வீட்டிலிருந்து திருமுக்கூடல் வரை கோடு அழகாகப் போயிருந்தது. நடுவில் மட்டும், சூளைப் பக்கமாக, ஒரு வால் நீட்டிக்கொண்டிருந்தது. கட்டைவிரலை அந்தப் பொத்தான் மேல் வைத்தேன். அழித்தால் ஒரு ஆளுக்கும் தெரியாது. ஆனால் வாலை அழித்தால் கோடும் போய்விடும். அடுத்த செவ்வாய்க்கு எனக்கு வழி இருக்காது. அதோடு, கூமுட்டை என்று தெரிந்தே கூடைக்கு அடியில் வைத்தவன் இல்லை நான். விரலை எடுத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் மகள் பொட்டியை வாங்கிப் பார்த்தாள்.

"இது இன்னா நைனா, வால் மாதிரி?"

"அதான் நான் போன வழி. மத்ததெல்லாம் அது இட்டுக்கினு வந்த வழி."

அவள் அந்த வாலை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு, "சோறு ஆறிக்கினு கீது, வா" என்றாள். சாவியைக் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு செவ்வாயும் சாயங்காலம், செல் மாற்றுகிறேன் என்று பொட்டியை வாங்கிக்கொண்டு உள்ளே போவாள். செல் மாற்ற எவ்வளவு நேரம் ஆகும்? வால் தேடுகிறாள் என்று எனக்குத் தெரியும். கேட்கவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் ஓட்டினேன். அதில் வால் வந்தது ரெண்டே தடவை.

பிறகு ஒரு செவ்வாய், ஒரே நாளில் மூன்று வால். ஒன்று நம் தெருவுக்குள்ளேயே.

அன்றைக்கு அவள் பொட்டியைக் கேட்பதற்கு முன்னால் நானே கடைக்குப் போனேன். மருமகனும் அங்கேதான் இருந்தான். சைக்கிள் சாவியை அவள் மேஜைமேல் வைத்தேன். "இன்னா நைனா இது?" என்றாள். "செவ்வாய்க்கு டெம்போ போவட்டும். பொட்டிய உன் வூட்டுக்காரனுக்குக் குடு. வீடு வீடா கோடு போட்டு வெச்சிருக்கேன், ஒரு வீடும் விட்டுப்போகாது" என்றேன்.

யாரும் பிடுங்கவில்லை. நானே கொடுத்தேன்.