மாட்டு டாக்டர் கட்டிய பாலம்

நம் ஊர் ஓடைப் பாலம் ஏன் படி இல்லாமல் இரண்டு பக்கமும் சரிவாக இருக்கிறது என்று கேட்டீர்கள். அது மாடுகளுக்காகக் கட்டியது. மனிதர்கள் நாம் சும்மா அதில் நடந்துகொள்கிறோம். எழுபதுகளின் கடைசியில் நடந்தது இது. இன்றைக்குச் சிரித்துக்கொண்டே எழுதுகிறேன். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்போது நான் மலையடிவாரத்துப் புளி மண்டி முதலாளியிடம் ஜீப் டிரைவர். வீடு மலைமேல், ஓடைக்கு அந்தப் பக்கம். உங்கள் அம்மா புதூர்நாட்டுப் பக்கத்துப் பெண். அங்கே ஜீப் வீட்டு வாசலுக்கே வரும். இங்கே மழை பிடித்தால் ஓடை பெருகி ஊரையே தனியாக வெட்டிவிடும். ஒரு மழையில் கைக்குழந்தையாயிருந்த உங்கள் அக்காவுக்குக் காய்ச்சல். அம்மா அவளைத் தோளில் போட்டுக்கொண்டு, தண்ணீர் வடியுமா வடியுமா என்று பகலெல்லாம் கரையில் நின்றாள். காய்ச்சல் தானாக இறங்கிவிட்டது, அம்மாவின் கோபம் இறங்கவில்லை.

"இன்னும் ஒரே ஒரு மழை பாப்பேன். அதுக்கப்புறமும் பாலம் வரலன்னா கொழந்தையத் தூக்கிக்கினு எங்கம்மா வூட்டுக்குப் போய்டுவேன். நீங்க ஜீப்போடயே குடும்பம் நடத்துங்க."

விளையாட்டாகச் சொல்கிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். விளையாட்டு இல்லை.

அந்த வெயில் காலத்திலேயே சட்டசபைத் தேர்தல் வந்தது. அதில் நின்ற ஒருவர் அரசாங்க மாட்டு டாக்டராக இருந்து வேலையை விட்டுவந்தவர். என் முதலாளி அவருக்காக இரண்டு ஜீப், டீசல், கொடி பிடிக்கிறவர்களுக்குச் சாப்பாடு எல்லாம் கொடுத்தார். ஒரு ஜீப்பை ஓட்டியது நான். முன் சீட்டில் என் பக்கத்தில் டாக்டர், அவருக்கு அந்தப் பக்கம் முதலாளி. அதனால் அந்த நாட்களில் அவர்கள் பேசியதில் பாதி எனக்கும் தெரியும்.

"டாக்டர், அந்தக் காட்டுப் பாதைய லாரி போற மாதிரி பண்ணிட்டீங்கன்னா போதும். புளி மழைல நனையுது, பாத்தா வயிறு எரியுது" என்பார் முதலாளி. காலையில் ஒரு முறை சொல்வார், சாப்பிட்டபின் ஒரு முறை சொல்வார், ஜீப் குலுங்கும்போதெல்லாம் "பாத்தீங்களா, இதான் நான் சொல்றது" என்பார்.

டாக்டர் தலையாட்டிக்கொண்டே வருவார். திடீரென்று, "நிறுத்துப்பா!" என்று கத்துவார். குதித்து இறங்கி, வழியில் நொண்டிக்கொண்டு போகிற எருதின் குளம்பைத் தூக்கிப் பார்ப்பார். மைக் செட்டு அது பாட்டுக்குப் பாடிக்கொண்டிருக்கும்.

"இன்னா டாக்டரே, ஓட்டு மாடா போடப் போவுது?" என்று முதலாளி தலையில் அடித்துக்கொள்வார்.

"மாட்டுக்காரன் போடுவான்யா, நீ சும்மா இரு" என்பார் டாக்டர்.

நம் ஊருக்கும் வந்தார்கள். ஊருக்குத் தலைவரான ஊர்க்கவுண்டர் வீட்டில் சாமைச் சோறும் துவரைக் குழம்பும் பலாச்சுளையும் போட்டார்கள். இங்கே ஒரு வழக்கம் உண்டு. நம் வீட்டில் கை நனைத்தவரிடம், அவர் ஊர் எல்லையைத் தாண்டும்வரை எதுவும் கேட்கக் கூடாது. சோற்றுக்கு விலை கேட்டதுபோல் ஆகிவிடும். ஊரின் எல்லை அந்த ஓடைதான். டாக்டர் ஏப்பம் விட்டுக்கொண்டு, "உங்களுக்கு இன்னா வேணும், சொல்லுங்க" என்று அவராகவே கேட்டார். ஊர்க்கவுண்டர் கையைக் கட்டிக்கொண்டு, "ஒண்ணும் வேணாங்க சாமி, நீங்க வந்ததே போதும்" என்றார். டாக்டர் அதை அப்படியே நம்பிவிட்டார். ஓடையில் இறங்கி ஏறியபோது அது காய்ந்து கிடந்தது. அதில் வெள்ளம் வரும் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

நானாவது சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் அந்த ஊர்க்காரன்தானே, நானும் அந்த வீட்டில் பரிமாறினவன்தானே. எல்லையைத் தாண்டியதும் முதலாளி புளிப் பேச்சை ஆரம்பித்துவிட்டார், டிரைவர் குறுக்கே பேச முடியுமா?

டாக்டர் ஜெயித்தார். முதலில் காட்டுப் பாதை அகலமாகி, லாரி புளியந்தோப்புவரை போனது. அடுத்து, ஓடைக்கு அடிவாரப் பக்கம் ரோட்டோரமாக ஒரு மாட்டாஸ்பத்திரி வந்தது. பாலம் என்ற பேச்சே இல்லை.

அவர் கெட்டவர் இல்லை. ஒரு பைசாவைத் தன் பையில் போட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் யாருடைய ஜீப்பில் போனாரோ அவருடைய பேச்சு காதில் ஏறியிருந்தது. வாழ்நாளெல்லாம் மாட்டைத் தொட்ட கை, மாட்டுக்கு வேண்டியதைத்தான் முதலில் தேடியது. நாங்கள் கொடுத்தது ஒரு வேளைச் சோறும் வாய் திறக்காத மரியாதையும். மரியாதை காதில் விழாது, பிள்ளைகளே.

அம்மா சொன்ன அந்த ஒரு மழையும் வந்தது. கூடவே மாடுகளுக்குக் கோமாரியும் வந்தது. புது ஆஸ்பத்திரிக்கு மலை மாடு ஒன்றுகூட வரவில்லை என்று கேள்விப்பட்டு டாக்டர் கொதித்துப்போனார். மண்டிக்கு வந்து, "எடு ஜீப்பை!" என்றார். முதலாளியும் ஏறிக்கொண்டார். ஓடைக்கரையில் நிறுத்தினேன். தண்ணீர் செம்மண் நிறத்தில் இரைந்து ஓடியது. அந்தக் கரையில் ஊர்க்கவுண்டரும், மாடுகளோடு நாலைந்து பேரும், இடுப்பில் குழந்தையோடு உங்கள் அம்மாவும் நின்றார்கள்.

டாக்டர் குடையைப் பிடித்துக்கொண்டு கத்தினார்: "ஏன் கவுண்டரே! ஆஸ்பத்திரி கட்டிக் குடுத்தா மாட்டை ஓட்டியாற மாட்டீங்களா?"

ஊர்க்கவுண்டர் வழக்கம்போல் கையைக் கட்டிக்கொண்டு, "ஆவட்டுங்க சாமி!" என்றார்.

அம்மாவுக்குத் தாங்கவில்லை. அவர் காதருகே போய்த்தான் சொன்னாள். ஆனால் அந்த இரைச்சலில் ரகசியம் பேச முடியாது. அவள் சொன்னது எங்கள் கரைவரை கேட்டது.

"மாமா! அவரு எல்லைக்கு அந்தாண்ட கீறாரு! இன்னிக்கு நம்ம சோறும் துன்னல! இப்ப கேக்கலாம், கேளுங்க!"

ஊர்க்கவுண்டர் ஓடையைப் பார்த்தார், டாக்டரைப் பார்த்தார். கட்டிய கை அவிழ்ந்தது.

"சாமி! பாலம் வேணும்!"

"பாலமா? பாப்போம், பாப்போம். அடுத்த வருசம் பாப்போம்!" என்றார் டாக்டர். சட்டசபைக்குப் போனால் எல்லோருக்கும் அந்தப் பேச்சு வந்துவிடும் போலிருக்கிறது.

அந்த நேரம் அந்தக் கரையில் ஒரு பசு முன்காலை மடக்கி உட்கார்ந்தது. வாயில் நுரையாக எச்சில் வடிந்தது. டாக்டர் குடையைக் கீழே போட்டார். "அதைப் படுக்க வுடாதீங்க! வாயை உப்புத் தண்ணில கழுவுங்க! குளம்பைத் தூக்கிக் காட்டு! இன்னும் தூக்குய்யா! ஐயோ, தெரியலியே!" என்று கரையோரம் இப்படியும் அப்படியும் ஓடினார். வேட்டியை மடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கியேவிட்டார். நானும் முதலாளியும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தோம். முழங்காலுக்கு மேல் நனைந்து, கண் முன்னே இருக்கிற பசுவைத் தொட முடியாமல் நின்றார்.

"இதுல மாடு எப்படிய்யா வரும்?" என்று என்னைத் திட்டினார், ஓடையை நான்தான் வெட்டிவைத்ததுபோல்.

"மனுசனும் வர முடியாதுங்க" என்றேன். அது அவர் காதில் விழுந்ததா, தெரியாது.

முதலாளி மெதுவாக, "இருவது வூட்டுக்கு எதுக்கு டாக்டர் பாலம்?" என்று ஆரம்பித்தார். பிறகு அந்தக் கரைக்குப் பின்னால் வரிசையாக நின்ற புளிய மரங்கள் அவர் கண்ணில் பட்டன. விரலை நீட்டி அவற்றை எண்ணினார். "கட்டறதுதான் கட்டறீங்க, லாரி போற மாதிரி அகலமா கட்டிடுங்க" என்றார்.

அடுத்த மழைக்கு முன் பாலம் வந்துவிட்டது. திறப்பு விழாவில் கொம்புக்கு வர்ணம் பூசி மாடுகளைத்தான் முதலில் நடக்கவிட்டார்கள். டாக்டர் மைக்கில் கோமாரியைப் பற்றிப் பேசினார், பாலைப் பற்றிப் பேசினார், முதலாளியின் நல்ல மனதைப் பற்றிப் பேசினார். அம்மா என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"இன்னாங்க இது, மனுசங்களப் பத்தி ஒரு வார்த்தகூட வரலியே?"

"கடைசில வரும், இரு" என்றேன். வரவில்லை. அவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். மாடெல்லாம் போனபின், சாணத்தை மிதிக்காமல் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, உங்கள் அக்காவை நடத்திக்கொண்டு அந்தக் கோடிவரை போனாள். அங்கே நின்று கொஞ்ச நேரம் கீழே காய்ந்து கிடந்த ஓடையைப் பார்த்தாள். அப்படியே ரோட்டைப் பிடித்துப் பிறந்த வீட்டுக்குப் போய்விடுவாளோ என்று எனக்கு ஒரு பயம்.

திரும்பி வந்தாள். "நல்லாதான் கீது. வாங்க, வூட்டுக்குப் போலாம், அடுப்புல ஒல வெக்கணும்" என்றாள்.