முப்பத்தொரு வேலைகளின் ஞாபகம்

ஆபரேஷன் தியேட்டருக்குப் பக்கத்தில் ஜன்னல் இல்லாத நீள அறை ஒன்று இருந்தது. கழுவி வரும் கத்தி, கத்தரிக்கோல், இடுக்கிகளை வகை பார்த்துத் தட்டில் அடுக்கி, பச்சைத் துணியில் பொதிந்து, மேலே நாடா ஒட்டி, நீராவிப் பெட்டிக்குள் அனுப்புவார்கள். நாடாவின் மேல் பேனாவால் எந்த ஆபரேஷனுக்கான தட்டு என்று எழுதி, தேதி போட்டு, பொதிந்தவர் கையெழுத்திட வேண்டும்.

பதினாறு வருடமாக அங்கே இருப்பவரை எல்லோரும் லிஸ்ட் அக்கா என்பார்கள். எந்தத் தட்டில் எது எத்தனை என்ற பட்டியல் அந்த அறையில் எங்கும் கிடையாது. புதிதாகச் சேர்ந்தவர்கள் கேட்டால் சூப்பர்வைசர் கைகாட்டுவார்.

“லிஸ்ட்டா? அதோ, உக்காந்து துணி மடிக்குது பாரு.”

அச்சடித்து ஒட்ட ஆகும் செலவு சில தாள்கள்தான். ஒரு மனுஷியின் தலை சும்மா கிடைக்கும்போது தாள் எதற்கு என்று நிர்வாகம் நினைத்திருக்கும். இப்படிச் சும்மா கிடைக்கும் தலைகளின் மேல்தான் பல பெரிய கட்டடங்கள் நிற்கின்றன.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை தியேட்டர் நர்ஸ் ஒருத்தி ஒரு பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். சிரிப்பை அடக்க முடியவில்லை அவளுக்கு.

“அக்கா, ஹெர்னியா செட்டுக்காக அலமாரியைத் திறந்தேன். இது என்ன ஆபரேஷன்னு நீங்களே சொல்லுங்க.”

நாடாவில் அக்காவின் குண்டுக் கையெழுத்து: ‘மாமா பிரஷர் மாத்திரை. வாஷிங் மெஷின்காரருக்கு போன்.’ கீழே தேதியும் கையெழுத்தும் ஒழுங்காக இருந்தன.

“உங்க மாமனாரை எந்த டேபிள்ல படுக்க வைக்கட்டும்?”

அறையே சிரித்தது. அக்காவும் சிரித்தார். பிறகு கழிப்பறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு நின்றார். அதை எழுதியதே அவருக்கு ஞாபகம் இல்லை.

அவருக்கு நாற்பத்தொன்பது வயது. அவருடைய அம்மாவுக்கு மறதி தொடங்கியது ஐம்பத்திரண்டில். கடைசி வருடம், வேலை முடிந்து சீருடையோடு பார்க்கப் போகும் மகளை அந்த அம்மா நர்ஸ் என்றே முடிவு செய்துவிட்டிருந்தார். “சிஸ்டர், எம் பொண்ணு வந்தா உள்ள விடுங்க. நல்ல பொண்ணு” என்பார். “விடறேம்மா” என்று சொல்லிவிட்டு மகள் தலை வாரிவிடுவார். தாழ்ப்பாள் போட்ட கதவுக்குப் பின்னால் அக்காவுக்குக் கேட்டது அந்தக் குரல்தான். அடுத்தது நானா?

சாயந்திரம் சூப்பர்வைசர் கூப்பிட்டார். “வயசாகுதில்லம்மா. படுக்கை விரிப்பு மடிக்கிற செக்‌ஷனுக்கு மாறிக்கிறீங்களா? அங்க மூளைக்கு வேலை இல்ல.”

பெரிய டாக்டர் மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு மாடி முழுக்கத் தேடினால் அது மேதைத்தனம். பொதி கட்டும் பெண் ஒரு வரி மாற்றி எழுதினால் வயசாகிவிட்டது.

வீட்டில் விஷயத்தைச் சொன்னார். கணவர் நல்ல மனிதர், கை நீட்டியதும் இல்லை, குரலை உயர்த்தியதும் இல்லை. எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்று மட்டும் அவருக்குத் தெரியாது.

“நீயாவது மறக்கறதாவது! சரி, என் லைசென்ஸ் என்னிக்கு முடியுது?”

“இருபத்திரண்டாம் தேதி.”

“பாத்தியா? நல்லாத்தானே இருக்கு!”

நாத்தனார் போனில் வைத்தியமே சொன்னாள். “அண்ணி, பச்சைக் கல்லு வெச்சு ஒரு மோதிரம் போடுங்க. ஞாபகம் பிச்சிக்கிட்டு வரும்.”

“எனக்கு என்ன வியாதின்னு கல்லு கண்டுபிடிக்குமா?”

“அதெல்லாம் கண்டுபிடிக்காது. சரியாக்கிடும்.”

அக்கா மோதிரம் வாங்கவில்லை. நரம்பு டாக்டரைப் பார்க்க அதே ஆஸ்பத்திரியின் நாலாவது மாடிக்குப் போனார். இரண்டு நாள் வரிசையில் உட்கார்ந்துவிட்டு, தன் முறை வருமுன் எழுந்து வந்துவிட்டார். மூன்றாவது நாள்தான் கதவைத் தள்ளினார்.

டாக்டர் அவரைவிடச் சின்னவர். ஐந்து வார்த்தை சொல்லி ஞாபகம் வைக்கச் சொன்னார். கடிகாரம் வரையச் சொன்னார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். கடைசியில் அந்த ஐந்து வார்த்தையைக் கேட்டார். அக்கா வரிசை மாறாமல் ஒப்பித்தார்.

“எல்லாம் சரி.”

“அப்ப ஏன் டாக்டர் அப்படி எழுதினேன்?”

“இன்னிக்கு மறக்கக் கூடாதுன்னு என்னென்ன வெச்சிருக்கீங்க? சொல்லுங்க.”

அக்கா ஆரம்பித்தார். மாமனார் மாத்திரை, மகளின் பரீட்சைப் படிவம், தைக்கக் கொடுத்த கணவரின் பேண்ட், கேஸ் சிலிண்டர், நாத்தனார் மகனின் பிறந்தநாள், இரண்டாம் தியேட்டரில் மழுங்கிப்போன கத்தரி... டாக்டர் ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு போட்டார். முப்பத்தொரு கோடு.

“இதுல உங்களுக்குன்னு எது?”

அக்கா அந்தக் கோடுகளை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். “இங்க வர்றது.”

“அதுக்கும் மூணு நாளாச்சு போலிருக்கே. வரிசையில உங்களைப் பாத்தேன்.”

இருவரும் சிரித்தார்கள். மத்தியானம் வந்த ரத்தப் பரிசோதனை முடிவில் இரும்புச்சத்து தரைமட்டம். தூக்கம் ஐந்து மணி நேரம். மாதவிலக்கு நிற்கும் வயது வேறு.

“உங்க அம்மாவுக்கு வந்தது உங்களுக்கு வரவே வராதுன்னு என்னால எழுதித் தர முடியாது. வருஷம் ஒரு தடவை வாங்க, பாப்போம். ஆனா இது அது இல்ல.”

இது அது இல்ல. படியிறங்கும்போது அக்கா அதை நாலைந்து தடவை சொல்லிப் பார்த்தார். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, தெரிந்ததை உறுதியாகச் சொல்லும் வாயைவிட ஆறுதல் தருவது எதுவும் இல்லை.

மறுநாள் அக்கா சூப்பர்வைசர் மேஜையில் கையால் எழுதிய பத்தொன்பது தாள்களை வைத்தார். தட்டுக்கு ஒரு தாள்.

“இதை அச்சடிச்சு ஒட்டுங்க சார். நான் எங்கயும் மாறல. இனிமே யாராவது எங்கிட்ட கேட்டா சுவத்தைக் காட்டுவேன்.”

வீட்டிலும் அன்றைக்கே பேசினார். மாமனாரின் மாத்திரை இனி அவர் பெற்ற மகன் பொறுப்பு என்றதும் கணவர் பதறினார்.

“எனக்கு எது எதுன்னு எப்படித் தெரியும்?”

“டப்பா மேல எழுதியிருக்குங்க. படிச்சவர்தானே நீங்க?”

ஓரமாக உட்கார்ந்திருந்த மாமனார் தொண்டையைச் செருமினார். “எம் மாத்திரை எனக்கே தெரியும்மா. காலைல வெள்ளை, ராத்திரி மஞ்சள். யாரும் கேக்கல, சும்மா இருந்தேன்.”

பதினொரு வருடமாக வேளை தவறாமல் எடுத்துக் கொடுத்த மாத்திரை! அக்காவுக்குக் கோபம் வந்தது, பிறகு சிரிப்பு. இரண்டும் கலந்தபடியே நாற்காலியில் சாய்ந்தார்.

உள்ளறையிலிருந்து மகள் கத்தினாள். “அம்மா, என் ஐடி கார்டு எங்க?”

அழுக்குத் துணிக் கூடையில், நீல ஜீன்ஸின் பின்பக்கப் பையில், பஸ் டிக்கெட்டுக்கு அடியில். கண்ணை மூடினால் அட்டையின் மடங்கிய மூலைகூடத் தெரிந்தது. இவ்வளவு துல்லியமாகத் தெரிவது அவருக்கு இனித்தது.

“தேடுடி,” என்றார்.