யாக்கோபின் கிணற்றில் நாங்கள் குடிக்காத தண்ணீர்

கிருபையம்மாள் இறந்த செய்தி எனக்குப் பரவைச் சந்தையில்தான் கிடைத்தது. மிஷன் ஆஸ்பத்திரி வண்டிக்காரர் கத்தரிக்காய் மூட்டையை ஏற்றிக்கொண்டே, "வாத்தியாரண்ணே, உங்களுக்குத் தெரியாதா? நர்ஸம்மா போயிட்டாக. முந்தாநேத்தே அடக்கம் பண்ணியாச்சு" என்றார். காலரா வார்டில் இருபது நாள் வீட்டுக்குப் போகாமல் நின்றவரை அந்த நோயே கொண்டுபோயிருக்கிறது. நான் இருக்கும் பரவைக்கு ஓர் ஆளிடம் சொல்லி அனுப்ப எங்கள் சபையில் நாதியில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் இறங்கவில்லை. அதோடுதான் இதை எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் நினைவுக் கூட்டம் வைத்தார்கள். சபை மூப்பர் எழுந்தார். "எருசலேம் யாத்திரையில், யாக்கோபின் கிணற்றில், நம் சகோதரி கையால் தண்ணீர் வாங்கிக் குடித்தோம். நமக்குள் பேதம் ஏது?" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கூட்டம் ஆமென் என்றது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தக் கிணற்றடியில் எங்களில் ஒருவரும் அவர் நீட்டிய செம்பைத் தொடவில்லை. யாத்திரைக்கு வந்தவர்களே, உங்களுக்கும் இது தெரியும். நீங்களும் ஆமென் சொன்னீர்கள்.

யுத்தத்துக்குச் சில வருஷங்கள் முன்பு மதுரையிலிருந்து பதினொரு பேர் புறப்பட்டோம். தனுஷ்கோடி வழியாகக் கொழும்பு, அங்கிருந்து கப்பலில் போர்ட் சைது, பிறகு ரயில். கீழக்குயில்குடிச் சேரியில் பிறந்த கிருபையம்மாளைச் சேர்த்துக்கொள்ள மூப்பருக்கு மனமில்லை. "அம்புட்டுத் தூரம் போறோம், கூட ஒரு நர்ஸ் வேணும்ல" என்று அவர் மனைவி சொன்ன பிறகுதான் சம்மதித்தார். கடல் கொந்தளித்த நான்கு நாளும் எங்கள் வாந்தியைக் கிருபையம்மாள்தான் அள்ளினார். அவர் கலக்கிக் கொடுத்த மருந்தை எல்லோரும் மடக் மடக்கென்று விழுங்கினோம். சாப்பாட்டு வேளையில் மட்டும் அவர் மேஜையின் கோடியில் தனியாக உட்காருவார். அங்கே போகச் சொன்னவர் யாருமில்லை. இங்கே வாருங்கள் என்று கூப்பிட்டவரும் யாருமில்லை.

யாக்கோபின் கிணற்றுக்குப் படியிறங்கிப் போகவேண்டும். ஒரு கிரேக்கச் சாமியார் காவல் இருந்தார். தம் ஜனங்கள் தண்ணீர் வாங்கிக் குடிக்காத இனத்துப் பெண் ஒருத்தியிடம் ஆண்டவர் தாகத்துக்குத் தண்ணீர் கேட்டு நின்ற இடம் அது. மூப்பர் வேதாகமத்தில் அந்தப் பகுதியை வாசித்து உருகி உருகி ஜெபித்தார். ஜெபம் முடிந்ததும் கிருபையம்மாள் சாமியாரிடம் சைகையால் கேட்டு வாளியை இறக்கித் தண்ணீர் இறைத்தார். ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த பித்தளைச் செம்பில் ஊற்றி, "குடிங்கய்யா" என்று மூப்பரிடம் நீட்டினார்.

மூப்பர் தமக்கு வயிறு சரியில்லை என்றார். அவர் மனைவி தாகமில்லை என்றார். ஒருவர் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைக்க ஆரம்பித்தார், துடைத்து முடிக்கவே இல்லை. செம்பு என் முன்னாலும் வந்தது. நாக்கு வறண்டுபோயிருந்தது எனக்கு. "அப்புறம் குடிக்கிறேம்மா" என்றேன். நானும் மூப்பரும் ஒரே சாதி, அதையும் எழுதிவிடுகிறேன். மேலே ஏறி வந்ததும், எங்கள் பஸ்ஸை ஓட்டிய அரபி டிரைவர் அந்தச் செம்பை வாங்கிக் குடித்துவிட்டு இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார். மிச்சத்தைக் கிருபையம்மாள் கீழே கொட்டவில்லை. காலி மருந்து பாட்டிலில் ஊற்றித் தக்கை வைத்து அடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

திரும்பும் கப்பலில் மூப்பருக்குக் காய்ச்சல் கண்டது. மூன்று வேளையும் மருந்து கொடுத்துப் பார்த்துக்கொண்டவர் கிருபையம்மாள். காய்ச்சல் விட்ட அன்று மேல்தளத்தில் என்னிடம் வந்தார்.

"ஐயா குடிச்சிட்டாகண்ணே."

"எதம்மா?"

"அந்தக் கிணத்துத் தண்ணியத்தான். நல்லாக் காய்ச்சி ஆறவச்சு மருந்துல கலந்தேன். மருந்துன்னா யாரு கையில குடுத்தாலும் இறங்குதுல்ல."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. பாட்டிலைத் தூக்கிக் காட்டினார். அடியில் ஒரு வாய்த் தண்ணீர் இருந்தது.

"இம்புட்டுத்தான் மிச்சம். அவுகளுக்கு மருந்துன்னு சொல்லிக் குடுத்தேன். உங்களுக்கு என்னன்னு சொல்லிக் குடுக்கண்ணே?"

நான் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் பாட்டிலைப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகும் மதுரையில் எங்கே பார்த்தாலும், "வாங்கண்ணே, நல்லாருக்கீகளா?" என்று முகம் மலர்ந்துதான் கேட்பார். அந்தப் பேச்சை மட்டும் மறுபடி எடுத்ததே இல்லை.

மூப்பரைப் பொய்யர் என்று திட்டத்தான் உட்கார்ந்தேன். அவராவது தெரியாமல் குடித்தார். காய்ச்சலில்லாமல், நல்ல புத்தியோடு, தாகத்தோடு நின்ற நான் குடிக்கவில்லை. நினைவுக் கூட்டத்தில் எழுந்து இதைச் சொல்லவும் எனக்குத் தைரியம் வரவில்லை. கிருபையம்மாளிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான். தண்ணி என்று சொல்லிக் கொடும்மா, போதும் என்று அன்றே கையை நீட்டியிருக்கலாம்.