மச்சாள் பார்த்த மீன்

என் அண்ணையின் மனைவிக்கு, என் மச்சாளுக்கு, நாற்பத்திரண்டு வயதுவரை நீந்தத் தெரியாது. ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறார். கோடையில் குடும்பமாக ஏரிக்கரைக்குப் போனால், பாயில் இருந்து சாப்பாட்டுப் பெட்டிகளைப் பார்த்துக்கொள்பவர் மச்சாள்தான். தண்ணீர் என்னுடைய இடம். அதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

எகிப்துக்கு விடுமுறையில் போனபோது நானும் கணவரும் நான்கு நாள் ஸ்கூபா பயிற்சி எடுத்தோம். கடல் வெதுவெதுப்பாக இருந்தது. மாஸ்க்குக்குள் தண்ணீரை விட்டு, மூக்கால் ஊதி வெளியேற்றும் பயிற்சியைக் கண் எரிய எரிய ஒரே ஒரு தடவை செய்தேன். ஆசிரியர் 'சரி' என்று விரலால் சைகை காட்டினார். மிச்ச நேரமெல்லாம் வண்ண மீன்கள்தான். திரும்பி வந்ததும், பயிற்சி முடித்ததற்கு எனக்குக் கிடைத்த அட்டையைப் படமெடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டேன். எல்லோரும் கைதட்டல் அனுப்பினார்கள். மச்சாள் மட்டும் எனக்குப் போன் எடுத்துக் கேட்டார்.

"தண்ணிக்கை மூச்சு விடேக்கை பயமா இருக்கேல்லையோ?"

"இல்லை மச்சாள். அது ஒண்டுமில்லை. சும்மா மிதக்கிறதுதான்."

"எனக்கு ஏலுமோ?"

சிரித்துவிட்டேன். "முதல்ல நீந்தப் பழகுங்கோ."

பழகினார். பெரியவர்களுக்கான நீச்சல் வகுப்பு முடிந்ததும், நகர நீச்சல் மண்டபத்தில் வியாழக்கிழமைகளில் கூடும் ஒரு டைவிங் சங்கத்தில் சேர்ந்தார். இரண்டு குளிர்காலம் விடாமல் போனார். வேலையில் நாள் முழுக்க ஆட்களைத் தூக்கிப் படுக்க வைத்துவிட்டு, அப்படியே பையோடு அங்கே போய்விடுவார்.

"அங்க என்ன செய்யிறனீங்கள்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"மாஸ்க்கைக் கழட்டுறது. பிறகு திரும்பப் போடுறது."

"ஒவ்வொரு கிழமையுமோ?"

"ஓம்."

இதை வீட்டில் ஒரு பகிடியாகச் சொல்லிச் சிரித்தேன்.

ஒரு மே மாதம் மச்சாள் அழைத்தார். நகரத்துக்கு வெளியே, மணல் தோண்டிய பள்ளத்தில் உண்டான ஏரிக்குச் சங்கத்தோடு போகிறாராம். "நீரும் வாருமன். நீர்தானே எங்களுக்கு முதல் பழகினீர்." அந்தச் சொல் எனக்கு இனித்தது. போனேன்.

தடித்த ரப்பர் உடுப்பு, தலைமூடி, கையுறை எல்லாம் மாட்டியபோதே மூச்சு முட்டியது. எங்களோடு இறங்கியவர் சங்கத்துப் பயிற்சியாளர், அதிகம் பேசாத ஒரு ஜெர்மன்காரர். தண்ணீர் பச்சையாகவும் முகத்தில் அறைவது போலக் குளிராகவும் இருந்தது. மூன்று மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. ஆறு மீட்டரில் சமநிலைக்கு வர முயன்றேன். மிதவை ஜாக்கெட்டில் காற்றை நிரப்பினால் மேலே போனேன், வெளியே விட்டால் அடிச்சேற்றில் போய் இருந்தேன். காலை உதறினால் சேறு புகைபோலக் கிளம்பி எல்லாவற்றையும் மறைத்தது.

மச்சாள் எனக்குப் பக்கத்தில் அசையாமல் நின்றார். நின்றார் என்றுதான் சொல்ல வேண்டும். மூச்சை இழுக்க ஒரு சாண் உயர்ந்தார், விட ஒரு சாண் தாழ்ந்தார். கைகள் இரண்டையும் கட்டியபடி, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி. தரையில் இருந்து ஒரு துகள்கூடக் கிளம்பவில்லை. கரையில் படியேறினாலே முழங்கால் நோகுது என்பவர். அதைப் பார்த்தபோது என் நெஞ்சுக்குள் ஏதோ எரிந்தது. குளிர்நீரில்கூட எரியும் என்று அன்றுதான் தெரிந்தது.

திடீரென்று அவர் ஒரு பக்கம் கை காட்டினார். விழுந்து கிடந்த மரத்தின் கிளைகளுக்குள் ஏதோ இருந்ததாம். நான் திரும்பிய வேகத்தில் என் மாஸ்க்கின் ஓரம் விலகிக் குளிர்நீர் மூக்குக்குள் பாய்ந்தது. என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். தலையை நிமிர்த்தி, மேல் விளிம்பை அழுத்தி, மூக்கால் ஊத வேண்டும். ஆனால் கைக்குத் தெரியவில்லை. மேலே பாயத்தான் உடம்பு துடித்தது. யாரோ என் முன்கையை இறுகப் பிடித்தார்கள். கண்ணுக்குள் தண்ணீரோடு மங்கலாக மச்சாளின் முகம் தெரிந்தது. தன் மாஸ்க்கின் மேல்விளிம்பைத் தொட்டுக் காட்டினார். நான் ஊதினேன். ஓரளவு தெளிந்தது. என் காற்றுமானி சிவப்புக்குப் பக்கத்தில் வந்திருந்தது. அவருடையதில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. எனக்காக மூன்று பேரும் மேலே வந்தோம்.

"பெரிய ஹெக்ட் ஒண்டு," என்றார் மச்சாள் கரையில், கண்கள் மின்ன. நீண்ட வாயுள்ள ஏரிமீன் அது. "என்ரை கை நீளம். கண்டனீரோ?"

"இல்லை. இந்த வாடகை மாஸ்க் சரியில்லை," என்றேன்.

அடுத்த மாதம் எங்கள் வீட்டில் பிறந்தநாள் விருந்து. சித்தி ஏரிப் பயணம் பற்றிக் கேட்டார். என் வாய் தானாகச் சொன்னது: "மச்சாள்தான் பயந்து போட்டா சித்தி. நான்தான் கையைப் பிடிச்சு மேல கொண்டு வந்தனான்."

திரும்பினால், பொரித்த ரோல்ஸ் தட்டோடு மச்சாள் வாசலில் நிற்கிறார். எல்லாம் கேட்டிருக்கிறது. தட்டை மேசையில் வைத்தார்.

"ஓம் சித்தி," என்றார். "கையைப் பிடிச்சுக்கொண்டுதான் வந்தனாங்கள்."

அவ்வளவுதான். என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் சண்டை பிடித்திருப்பேன், ஆறியிருக்கும். அவரோ இரண்டாவது தடவையும் என்னைக் காப்பாற்றினார். அதை என்னால் பொறுக்க முடியவில்லை.

மூன்று கிழமை அவரோடு பேசவில்லை. நாலாவது வியாழக்கிழமை நீச்சல் மண்டபத்துக்குப் போனேன். பயிற்சியாளர் என்னை ஆழமில்லாத பக்கத்தில் முழந்தாளிட வைத்தார். மாஸ்க்கைக் கழற்றினேன், போட்டேன், ஊதினேன். முதல் தடவை தண்ணீர் குடித்தேன். இரண்டாவது தடவையும் குடித்தேன். ஆழமான பக்கத்தில் மச்சாள், மயங்கியவரை இழுத்து வரும் பயிற்சியில் இருந்தார். இங்கேயும் எனக்கு முன்னால்தான்.

உடை மாற்றும் அறையில் சொன்னேன், "மச்சாள், அண்டைக்கு நான் சித்தியிட்டைச் சொன்னது..."

"தலையைத் துடையும். தடிமன் பிடிக்கப் போகுது," என்று துவாயை நீட்டினார்.

கோடை முழுவதும் போனேன். எப்போது என்று தெரியவில்லை, ஒருநாள் கை தன் வேலையைத் தானே செய்தது. மாஸ்க்குக்குள் தண்ணீர் வந்தது, போனது, நான் வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தேன்.

செப்டம்பரில் மறுபடி அந்த ஏரிக்குப் போனோம். ஐந்து மீட்டரில் நான் ஜாக்கெட்டின் ஒரு பொத்தானையும் தொடாமல் மூச்சாலேயே நின்றேன். அப்போதுதான் பார்க்க நேரம் கிடைத்தது. என் முகத்துக்கு நேரே, ஒரு சட்டைப் பொத்தான் அளவில், கண்ணாடி போன்ற ஒன்று சுருங்கி விரிந்து மேலே போய்க்கொண்டிருந்தது. ஏரியில் வாழும் குட்டி ஜெல்லி மீன். பின்னால் இன்னொன்று. மச்சாள் அந்தப் பக்கம் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். அவர் இதைக் காணவில்லை.

உடனே கூப்பிட்டிருக்க வேண்டும். நான் கூப்பிடவில்லை. நிதானமாக நாலைந்து மூச்சு விட்டேன். அவ்வளவு நேரமும் அவை எனக்கு மட்டும்தான். அதன் பிறகுதான் அவருடைய கையைத் தொட்டுக் காட்டினேன்.