கண்மாய்க் கரையில் ஊதிய மூச்சு

பேய் ராத்திரியில்தான் வரும் என்று நினைக்கிறவர்கள் இதைப் படிக்க வேண்டாம். எனக்கு இது பட்டப்பகலில் நடந்தது. 1957, ஆவணி மாதம், வியாழக்கிழமை. அல்லாஹ் அறிய, ஒரு சொல்லும் கூட்டிச் சொல்லவில்லை. என் பெயர் ஜெய்னுலாப்தீன். அறந்தாங்கியில் ஆட்டுக்கறிக் கடை வைத்திருந்தேன்.

அன்று காலையில் என் மனைவி ரோஷன் பேகத்துக்கு வலி எடுத்துவிட்டது. முதல் இரண்டு பிள்ளைகளும் பிறந்த அன்றே மௌத்தாகிவிட்டன. இது மூன்றாவது. பிழைத்தால் ஏழாம் நாள் பிள்ளை பேரில் ஆடு அறுத்து அகீகா கொடுக்க வேண்டும். அந்த ஆட்டை நானே செய்த கத்தியால் உரிக்க ஆசை. உடைந்த ரம்பத் தகடு ஒன்றை ஒரு மாதமாகத் தேய்த்துத் தேய்த்துக் கத்தியாக்கி வைத்திருந்தேன்.

"மொதல்ல பொறக்கட்டும் மச்சான். கத்திய அப்புறம் பாத்துக்கலாம்" என்றாள் ரோஷன் பேகம்.

"இங்க நின்னு நான் என்ன செய்ய? வெள்ளோட்டம் பாத்துட்டு வாரேன்."

மருத்துவச்சி சந்தனமேரியும் போகச் சொல்லிவிட்டார்.

கடைக்கு அறுத்திருந்த கிடாயைக் கண்மாய்க் கரைக்குக் கொண்டுபோய்க் கருவேல நிழலில் கிடத்தினேன். அறுத்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. திறந்த கண்ணில் ஈ உட்கார்ந்திருந்தது. சுற்றிலும் ஆளில்லை. கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கல்மேல் வைத்தேன். மணி 12.05.

பின்னங்காலில் சின்னதாகக் கீறி, அதில் வாய் வைத்து ஊதுவது எங்கள் தொழில் வழக்கம். காற்று ஏறினால் தோல் சதையை விட்டுப் பிரியும். ஊதினேன். உடல் உப்பியது. காலைக் கயிற்றால் இறுக்கிக் கட்டினேன்.

12.10.

வயிறு இறங்கியது... மறுபடி ஏறியது. கயிற்றுக் கட்டைத் தொட்டுப் பார்த்தேன். இறுக்கமாகத்தான் இருந்தது.

ஸ்... ஹ்... ஸ்... ஹ்...

காதை வைத்துக் கேட்டேன். சின்ன மூச்சு. ஆட்டு மூச்சு இல்லை.

எழுந்து ஓட முடியவில்லை. பத்து நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

நிற்கவே இல்லை...

பயம் தாங்காமல் கத்தியை எடுத்தேன். வயிற்றில் வைத்து ஒரே இழுப்பு.

புஸ்ஸ்ஸ்...

அடங்கிவிட்டது. மணி 12.20.

வீட்டு வாசலில் சந்தனமேரி நின்றார்.

"ஆம்பளப் புள்ள பாய். பன்னெண்டு பத்துக்குப் பொறந்துச்சு. நல்லாத்தான் மூச்சு விட்டுச்சு."

"அப்புறம்?"

"பன்னெண்டு இருவதுக்கு நின்னுருச்சு."

எனக்கு அழுகை வரவில்லை. இன்று வரை வரவில்லை.

நாற்பது நாள் கழித்து ரோஷன் பேகம் வாய் திறந்தாள்.

"புள்ளையோட கடைசி மூச்சு எம் மூஞ்சியில பட்டுச்சு மச்சான். ஆட்டு வாடை அடிச்சுச்சு."

என் முகத்தையே பார்த்தாள்.

"அன்னைக்குக் கண்மாய்க் கரையில என்ன செஞ்சீங்க?"

"ஒண்ணும் செய்யல" என்றேன்.