மகன் இறங்காத ஆட்டம்

என் மகன் அமெரிக்காவில், மற்றக் கல்லூரிகள் கறுப்பின மக்களை வாசலிலேயே மறித்த காலத்தில் அவர்களுக்கென்று தொடங்கப்பட்ட கல்லூரி ஒன்றில் படிக்கிறான். இதைச் சொன்னதும் எங்கள் ஆட்கள், "மெடிசினோ?" என்று கேட்பார்கள். இல்லை. "அப்ப என்னத்துக்கு அவ்வளவு தூரம்?" பந்து உதைக்க. அதைச் சொல்லும் துணிவு எனக்கு இன்றுவரை வரவில்லை. இங்கே மெல்பேர்னில், டண்டினொங் மரக்கறிக் கடையில் யாராவது கேட்டால், "ஸ்கொலர்ஷிப்" என்று மட்டும் சொல்லிவிட்டு மும்முரமாக வெண்டைக்காய் பொறுக்கத் தொடங்கிவிடுவேன்.

பையன் மெல்பேர்னில் ஃபுட்டி என்கிற அவுஸ்திரேலியக் கால்பந்து விளையாடி வளர்ந்தவன். கையிலிருந்து பந்தை விட்டு, அது நிலத்தைத் தொடுமுன் வானத்துக்கு உதைப்பதில் கெட்டிக்காரன். அந்த ஒரு வித்தைக்காக அமெரிக்கக் கல்லூரிகள் இங்கிருந்து பிள்ளைகளைக் கூட்டிப்போகின்றன என்று அவன் சொன்னபோது, யாரோ ஏஜென்சிக்காரன் ஏமாற்றுகிறான் என்றே நினைத்தேன். விமானம் ஏறிப் போனபிறகுதான் நம்பினேன்.

போன முதல் வாரம் மனைவியின் போனுக்குள் எட்டிப்பார்த்து, "அங்க எங்கட ஆக்கள் ஆரும் இருக்கினமோ?" என்று கேட்டேன். "என்னை எல்லாரும் 'ஆஸி' எண்டுதான் கூப்பிடுறாங்கள், அப்பா" என்றான். இங்கே பிறந்து வளர்ந்தவனை இங்கே எல்லோரும், "உண்மையில் நீ எந்த ஊர்?" என்று கேட்டார்கள். அங்கே போய் இறங்கியதும் ஆஸியாகிவிட்டான். குடியுரிமைப் பத்திரத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவைத்திருக்கும் என்னை இதுவரை ஒருவரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது.

போன் பேசுவது மனைவியின் இலாகா. நான், "சாப்பிட்டியோ?" என்று கேட்பேன். "ஓம்" என்பான். "சரி, அம்மாட்டக் குடுக்கிறன்" என்பேன். போனே அவளுடையதுதான், அவள் கையில்தான் இருக்கும். ஆனாலும் அப்படித்தான் சொல்வேன்.

ஆனால் அவனைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. அவனில்லாத வீடு எனக்குப் பிடிக்கவில்லை. அதனால் ஞாயிறு காலையில் தேத்தண்ணியோடு ரிவிக்கு முன்னால் உட்காரத் தொடங்கினேன். அவர்களுக்கு அது சனி பின்னேரம்.

அமெரிக்கன் ஃபுட்போல் என்கிற அந்த ஆட்டத்தில் பந்தைப் பத்து யார் தூரம் முன்னே கொண்டுபோக நான்கு முயற்சிகள் தருவார்கள். மூன்றில் முடியாவிட்டால், நான்காவதில் பெரும்பாலும் பந்தைத் தூரத்துக்கு உதைத்து எதிரணியிடம் கொடுத்துவிடுவார்கள். உதைக்க ஓடிவருகிறவன்தான் என் மகன். உதைப்பான், ஓடிவிடுவான். தலைக்கவசத்துக்குள் முகமும் சரியாகத் தெரியாது. ஆனால் தோளைக் குலுக்கிக்கொண்டு வருவானே, அது போதும் எனக்கு.

சுருக்கமாகச் சொன்னால், அணி சொதப்பினால்தான் எனக்கு மகன் தெரிவான்.

சீசன் தொடக்கத்தில் எனக்கு நல்ல காலம். அப்படிச் சொதப்பினார்கள். பந்தை எறிகிற பெடியனை எதிரணி குப்புற விழுத்தும்போதெல்லாம் நான் கைதட்டினேன். ஆட்டத்தைவிட இடைவேளையில் வரும் கல்லூரி பாண்ட் வாத்தியத்துக்காகவே உட்கார்ந்திருக்கும் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "இஞ்சேருங்கோ, விழுந்தது எங்கட பக்கம்தானே?"

"தெரியும். அடுத்தது எங்கட மகன் வருவான், பாரும்."

பிறகு நாசமாய்ப் போனது. புதிதாக ஒரு பெடியன் பந்து எறிய வந்தான். எறிந்ததெல்லாம் போய்ச் சேர்ந்தது. கூட்டம் எழுந்து ஆடியது, பாண்ட் முழங்கியது, அணி வென்றுகொண்டே போனது. நான் மட்டும் செத்தவீட்டுக்கு வந்தவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஒரு தீங்கும் செய்யாத, யாரோ ஒரு தாய் பெற்ற பிள்ளையை, "உவன் ஒருக்கா வழுக்கி விழமாட்டானோ" என்று வாய்விட்டே திட்டினேன்.

கடைசி ஆட்டம். வென்றால் அவர்களுடைய பிரிவின் இறுதிப்போட்டிக்குப் போகலாம். ஆட்டம் முடியும் தறுவாய்வரை என் மகன் ஒருமுறைகூட இறங்கவில்லை. எங்கள் அணி சின்ன வித்தியாசத்தில் முன்னணியில் இருந்தபோது முதல் மூன்று முயற்சிகளும் மயிரிழையில் தவறின. நான் கதிரையின் நுனிக்கு வந்துவிட்டேன். கோட்டுக்கருகே அவன் தலைக்கவசத்தை மாட்டுவது தெரிந்தது. வா, ராசா.

கோச் அவன் தோளில் கைவைத்து நிறுத்தினார். உதைக்காமல் நான்காவதையும் ஓடிப்பார்ப்பது என்று முடிவு. புதுப்பெடியன் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கூட்டத்துக்குள் பாய்ந்தான். போதிய தூரம் கிடைத்து, பந்து எங்களிடமே இருக்க நேரம் முடிந்துவிட்டது. வெற்றி. மைதானமே துள்ளியது.

"மொக்குக் கோச்!" என்று கத்தினேன்.

அரை மணித்தியாலத்தில் மனைவியின் போன் அடித்தது. பின்னால் ஒரே மேளச்சத்தம். என்னிடம் கொடுக்கச் சொன்னானாம்.

"அப்பா, பாத்தனீங்களோ? வெண்டிட்டம்!"

"ஓம். நீ வரவே இல்லையே."

"அதுதானே சூப்பர்! நான் இறங்காட்டி நாங்கள் நல்லா விளையாடுறம் எண்டு அர்த்தம்." கொஞ்சம் நிறுத்தினான். "நாங்கள் விழேக்க நீங்கள் கைதட்டுறீங்களாம், அம்மா சொன்னவ."

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் ஜன்னலைப் பார்த்தாள்.

"உன்னைப் பாக்கலாமெண்டுதான்..."

"என்னைப் பாக்கிறதுக்கு ஏன் அப்பா ரீம் தோக்கோணும்? நீங்களே எனக்கு வீடியோ கோல் எடுக்கலாம்தானே?"

இந்த நாட்டில் இரண்டு வேலை செய்து, வீடு கட்டி, பிள்ளை வளர்த்த என் மூளைக்கு அது ஒருநாளும் தோன்றவில்லை.

"சாப்பிட்டியோ?" என்றேன்.

"ஓம்."

"சரி, அம்மாட்டக் குடுக்கிறன்."

போனை நீட்டினேன். மனைவி வாங்கவில்லை. எழுந்து குசினிக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டாள். அடுத்து என்ன கேட்பதென்று தெரியாமல் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன். அவனும் வைக்கவில்லை.